தனிச் சேகரம் ஆன வருஷம்

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகையை மே மாதத்தில்தான் வைப்போம். அறுப்பு முடிந்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும். ஆனால் சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறவர்கள் பிள்ளைகளின் லீவுக்கு ஊருக்கு வருவது அப்போதுதான். ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த பொருள்களைக் கோயில் வாசல் பந்தலில் ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், வாழைத்தார், தேங்காய், கருப்பட்டி, கடைசியில் ஆடும் சேவலும். விலைக்கும் பொருளுக்கும் அங்கே சம்பந்தம் கிடையாது. சந்தையில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஒரு நோஞ்சான் சேவலை, ஒரே தெருவில் பிறந்து வளர்ந்து இப்போது பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் கேட்க ஆரம்பித்துவிட்டால், அது கன்றுக்குட்டி விலைக்குப் போகும். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். "சபைக்கே திரும்பக் குடுக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்காருவார். சேவல் மறுபடி ஏலத்துக்கு வரும். இன்னொருவர் எடுப்பார், அவரும் திரும்பக் கொடுப்பார். பொழுது சாயும்போது சேவலின் கால்கட்டு அவிழாமலே இருக்கும். சபையின் வருஷ வருமானத்தில் பெரும்பகுதி வந்துவிட்டிருக்கும்.

அந்தப் பணத்தை நம்பித்தான் நாங்கள் தனியாகப் போனோம். நம்பலாம் என்று கணக்கு எழுதிக் கொடுத்தவள் நான்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு மலைப்பக்கம் உள்ளே போனால் எங்கள் ஊர். எங்கள் ஊரில் ஒரு கோயில், பக்கத்து ஊரில் ஒன்று, மலையடிவாரத்து ஊரில் ஒன்று. மூன்றும் டவுன் சேகரத்தின் கிளைச் சபைகளாக இருந்தன. ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கிற சபைகள் எல்லாம் சேர்ந்தது ஒரு சேகரம். குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். டவுன் ஐயருக்கு எங்களைப் போல இன்னும் பல ஊர்கள் இருந்தன. அவர் மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார், நற்கருணை கொடுப்பார், அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்.

என் கணவர் இறந்தது கல்யாண மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. விடிவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. டவுன் ஐயருக்கு அன்றைக்குக் காலையில் இரண்டு கல்யாணம், மதியம் வேறோர் ஊரில் அடக்கம். நாங்கள் காத்திருந்தோம். குளிர்ப்பெட்டியில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. பொழுது இறங்கும் நேரத்தில் யாரோ என் காதுக்குள் குனிந்து, "உடம்பு இதுக்கு மேல தாங்காது டீச்சர்" என்றார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. ஊரில் எல்லோருக்கும் டீச்சர்தான். அன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஐயர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார், என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் தப்பு இல்லை. ஆனால் அந்தக் குரல் என் காதைவிட்டுப் போகவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகளும் அதைக் கேட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் எங்கள் சபைச் செயலர் வீட்டுக்கு வந்தார். மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. வந்த வேகத்திலேயே விஷயத்தைச் சொன்னார். மூன்று ஊரும் சேர்ந்து தனிச் சேகரம் கேட்க வேண்டும், நமக்கென்று ஒரு ஐயர் இங்கேயே குடியிருக்க வேண்டும், பொருளாளராக நான் வர வேண்டும். நான் எழுதினால், எல்லாச் சேகரங்களையும் நிர்வகிக்கிற திருமண்டலத் தலைமை அலுவலகத்தில் ஒருத்தனும் கேள்வி கேட்க மாட்டான் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் கேட்டால், கேட்டது நியாயம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் தலைமை அலுவலகம் நியாயத்தைக் கேட்கவில்லை. ஐயருக்கு மாதச் சம்பளம், குடியிருக்க வீடு, திருமண்டலத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு, இவற்றை மூன்று சபைகளும் தாங்குமா என்று கேட்டது. கடந்த சில வருஷத்து வருமானத்தைக் காட்டச் சொன்னது. குடும்பச் சந்தாவையும் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையையும் கூட்டினேன். ஐயரின் சம்பளத்தில் பாதிக்குக்கூட வரவில்லை. பிறகு ஏலப் பணத்தைச் சேர்த்து, பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்துப் போட்டேன். அழகாக வந்தது. தாளில் பார்த்தால் மூன்று ஊரும் வசதியாக வாழ்கிற ஊர்கள்.

நான் பொய் எழுதவில்லை. ஒவ்வொரு ரூபாயும் வந்த பணம்தான். ஆனால் அது வீம்பில் வந்த பணம், அடுத்த வருஷமும் அந்த இரண்டு பேருக்கும் பேச்சு இல்லாமல் இருந்தால்தான் வரும் பணம். இது எனக்குத் தெரியும், அண்ணாச்சிக்குத் தெரியும், ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் சந்தோஷப்பட்டோம். நான் எழுதியதைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த என் மகள் மட்டும் கேட்டாள்.

"ஏம்மா, சேவல் மாசாமாசம் விக்குமா?"

போய்ப் படி என்றேன்.

தனிச் சேகரம் கிடைத்தது. முதல் வருஷம் தற்காலிகம், வருஷ முடிவில் கணக்குப் பார்த்து நிரந்தரம் ஆக்குவார்கள். அறிவிப்பு வந்த ஞாயிறு வெடி போட்டார்கள், பாயசம் ஊற்றினார்கள். மறுநாளே எங்களிடம் என்னென்ன இல்லை என்பது தெரிய ஆரம்பித்தது. நற்கருணைப் பாத்திரம் டவுன் கோயிலுடையது. ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு எல்லாம் அங்கே. குளிர்ப்பெட்டியும் அங்கிருந்து வந்ததுதான். பண்டிகைக்கு கீபோர்டு வாசிக்கிறவரையும் அங்கிருந்துதான் அனுப்பினார்கள். பாத்திரத்தையாவது கொடுங்கள் என்று கேட்கப் போனோம். டவுன் செயலர் எங்களை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, சிரித்த முகமாகச் சொன்னார்.

"தனிக்குடித்தனம் போறவுக பாத்திரபண்டம் புதுசாத்தான வாங்குவாக?"

நாங்களும் சிரித்துவிட்டு வந்தோம். பாத்திரம் மதுரையில் வாங்கினோம்.

ஐயர் வந்தார். அப்போதுதான் குருவாக அபிஷேகம் ஆனவர், மனைவி, கைக்குழந்தை. திருப்பூரில் இருக்கிற ஒருவருடைய பூட்டிக் கிடந்த வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தோம். மழைக்கு ஒழுகியது. தண்ணீர்க் குழாய் தெருவோடு நின்றுவிட்டது. ஜூன், ஜூலை சம்பளம் சரியாகப் போயிற்று. பாத்திரத்துக்கும் வீட்டு முன்பணத்துக்கும் போக மிஞ்சியிருந்த ஏலப் பணம் அதோடு தீர்ந்தது, பிறகு பிந்தியது. பொருளாளர் நான்தானே, ஒவ்வொரு மாதமும் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். ஐயரம்மா ஒருநாளும் கேட்டதில்லை. என்னைக் கண்டதும், "வாங்க டீச்சரம்மா, உக்காருங்க" என்று கடுங்காப்பி போட்டுக் கொண்டுவருவார். முதலில் அவருக்கு அதுதான் பழக்கம் என்று நினைத்தேன். பாலைக் குழந்தைக்கு மட்டும் வாங்குகிறார் என்று பிறகுதான் புரிந்தது.

என் மகள் அந்த வருஷம் டிகிரி முடித்திருந்தாள். மேல்படிப்புக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. ஒரு வருஷம் போகட்டும் என்று நான்தான் சொன்னேன். சேகரத்துக்கு கீபோர்டு வாசிக்க ஆள் இல்லை, சம்பளம் கொடுத்து வைக்கப் பணம் இல்லை, அவள் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டவள். இந்தக் காரணங்கள் எல்லாம் உண்மை. என் கணவர் போன பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயம் என்பதும் உண்மை. அதை அவளிடம் சொல்லவில்லை. "ஒரு வருஷந்தான?" என்று மட்டும் சொன்னேன். அவள் சரி என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்று ஊரும் சேர்ந்து தனியாகக் கேட்டபோதே ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு ஊரிலும் ஐயர் ஆராதனை நடத்த வேண்டும். ஒரு ஊர்க்காரர் இன்னொரு ஊர்க் கோயிலுக்குப் போய் உட்கார மாட்டார். அதற்கு டவுனுக்கே போய்விடலாமே என்பார். ஆகவே நேர அட்டவணை போட்டேன், பள்ளிக்கூடத்தில் பீரியட் போடுவதைப் போல. அடிவாரத்து ஊரில் விடியும் முன், பக்கத்து ஊரில் காலை, எங்கள் ஊரில் கடைசி. நடுவில் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் போய்ச் சேர மட்டும் நேரம் விட்டேன். ஐயர் அவருடைய பைக்கில் பாத்திரப் பையோடு போவார், என் மகள் அவளுடைய வண்டியில் கீபோர்டைக் குறுக்கே கட்டிக்கொண்டு போவாள். ஊர்ப் பெண்கள், "டீச்சர் மக ஞாயித்துக்கெழமை தபால்காரி மாதிரில்லா சுத்துதா" என்பார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு. நல்ல பனி. அடிவாரத்துப் பாதையில் இரண்டு பக்கமும் மக்காச்சோளம் நின்றது. அதற்குள்ளிருந்து காட்டுப்பன்றி ஒன்று குறுக்கே ஓடிவந்து அவள் வண்டியில் மோதியிருக்கிறது. அந்தக் காட்டுப் பக்கம் பன்றிகள் இறங்குவது எல்லோருக்கும் தெரியும். சோளம் போட்டவர்கள் ராத்திரி முழுக்க டப்பா தட்டுவார்கள். நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன்.

கோயிலில் ஐயர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிள்ளை அசந்து தூங்கிவிட்டாள் போல என்று நினைத்தார். நேரம் தவறினால் அடுத்த ஊரில் முகம் சுளிப்பார்கள், அதனால் கீபோர்டு இல்லாமலே முதல் பாட்டைத் தொடங்கிவிட்டார். ஆராதனைக்காகப் போனை அணைத்து வைத்திருந்தார். ஆராதனை தொடங்கி முடியும்வரை என் மகள் ரோட்டோரம் கிடந்தாள். மாந்தோப்புக்கு வேலைக்குப் போன பெண்கள்தான் பார்த்துத் தூக்கினார்கள். அவர்களில் ஒருவர் தன் சேலையைக் கிழித்து அவள் காலைக் கட்டியிருந்தார். அவருக்கு நான் இன்னும் ஒரு சேலை எடுத்துக் கொடுக்கவில்லை. இரண்டு தடவை கடைக்குப் போய், எதை எடுத்தாலும் கை கூசி, திரும்பி வந்துவிட்டேன்.

ராஜபாளையத்தில் பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் எத்தனை ஜெபம் செய்திருப்பேன் என்று தெரியாது. ஒன்றிலும் ஆண்டவரிடம் நேராகக் கேட்க முடியவில்லை. அந்த அட்டவணை என் கையெழுத்தில் மூன்று கோயில் கதவிலும் ஒட்டியிருக்கிறது என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. தொடை எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது, "பன்னி தப்பிச்சிருச்சாம்மா?" நர்சுகள் சிரித்தார்கள். நான் வெளியே போய்விட்டேன்.

ஐயர் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். அவரும் பிள்ளை பெற்றவர். நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

மே மாதம் வந்தது. அவள் வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள். அண்ணாச்சி வீட்டுக்கு வந்து, பிள்ளை பிழைத்ததற்கு ஸ்தோத்திரமாக ஒரு சேவல் காணிக்கை கொடுங்கள் என்றார். கொடுக்கத்தானே வேண்டும். நல்ல சேவலாகவே கொடுத்தேன். பண்டிகையன்று மகளைப் பந்தலில் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். சேவலைத் தூக்கிப் பிடித்து அண்ணாச்சி மைக்கில் சொன்னார், நம்ம டீச்சர் மகளுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்த ஆண்டவருக்கு வந்த காணிக்கை இது, சபைக்காக ஓடி ஓடி உழைத்த பிள்ளை, பார்த்துக் கேளுங்கள் என்று.

கேட்டார்கள். எந்த வருஷமும் அப்படிக் கேட்டதில்லை. பேச்சு இல்லாத அந்த இரண்டு பேரும் கேட்டார்கள், வளைகுடாக்காரர்கள் கேட்டார்கள், கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள் கேட்டார்கள். ஒவ்வொருவரும் கேட்பதற்கு முன் என் மகளின் காலைப் பார்த்தார்கள். எடுத்தவர் திரும்பக் கொடுத்தார், மறுபடி ஏறியது. யாரும் வீம்புக்குக் கேட்கவில்லை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள். அது அன்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, கோபம் இல்லாமல் சொன்னாள்.

"என்னையத்தாம்மா ஏலம் விடுதாக."

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

பண்டிகை முடிந்த வாரமே அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போன வருஷத்தைவிட ஜாஸ்தி டீச்சர், பயப்படாமல் எழுதுங்கள், இந்தக் கணக்கைக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு நிரந்தரம் ஆக்குவார்கள் என்றார். நான் உட்கார்ந்து எழுதப் பார்த்தேன். பன்னிரண்டால் வகுக்கும்போது நின்றுவிட்டேன். அடுத்த மே மாதத்துக்கு யார் விழ வேண்டும் என்று தோன்றியது. நோட்டை மூடி வைத்தேன்.

மூன்று ஊர்க் கமிட்டியும் கூடிய அன்று சந்தாவையும் ஞாயிற்றுக் காணிக்கையையும் மட்டும் வாசித்தேன். ஏலப் பணத்தைத் தனியாகச் சொன்னேன், இதில் வீட்டு ஓட்டையும் தண்ணீர்க் குழாயையும் சரிசெய்யலாம், சம்பளம் கொடுக்க முடியாது என்றேன். சம்பளம் மாதாமாதம் போக வேண்டுமென்றால் சந்தாவைக் கூட்ட வேண்டும். ஞாயிறு ஒரே ஆராதனைதான், ஒரு வாரம் ஒரு ஊரில், மற்ற ஊர்க்காரர்கள் அங்கே வர வேண்டும். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் மூன்று ஊரும் சேர்ந்திருக்காது, அதனால் சொல்லவில்லை.

கூச்சல் கிளம்பியது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், அடிவாரத்து ஊர்க் கோயிலில் தரையில் உட்கார எங்கள் பொம்பளைகளுக்கு என்ன தலையெழுத்து என்றார். டீச்சருக்கு மகள் விழுந்ததும் பயம் பிடித்துவிட்டது என்று இன்னொருவர். அண்ணாச்சி என்னை நேராகப் பார்த்தார்.

"சாயங்காலம் வரைக்கும் அவிய கெடந்த கெடைய மறந்துட்டீகளா டீச்சர்?"

அவர் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் கண் கலங்கியிருந்தது. என் கணவரைப் பெட்டியில் தூக்கி வைத்தவர் அவர். மறக்கவில்லை அண்ணாச்சி என்றேன். நான் எழுதிய முதல் கணக்கை நம்பித்தான் அவர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். இப்போது அதே நான் அவரை நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன்.

நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. அடிவாரத்து ஊர் டவுன் சேகரத்துக்கே திரும்பிப் போய்விட்டது. மீதி இரண்டு ஊரும் வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டன. தலைமை அலுவலகம் இன்னொரு வருஷம் தற்காலிகம் என்று எழுதியது. சந்தா கூட்டியதும் சில வீடுகள் கொடுப்பதையே நிறுத்திவிட்டன. ஐயரின் சம்பளம் இன்னும் பிந்துகிறது, முன்னைப் போல மாசக்கணக்கில் இல்லை. வீடு ஒழுகவில்லை. அண்ணாச்சி என்னைக் கண்டால் ஸ்தோத்திரம் சொல்கிறார், நின்று பேசுவதில்லை.

மகள் மறுபடி விண்ணப்பம் போட்டு, இடம் கிடைத்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். கம்பை ஊன்றி நடக்கிறாள். ஹாஸ்டல் மாடியா கீழ்த்தளமா, மெஸ் எவ்வளவு தூரம், பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். நானும் கூட வந்து நாலு நாள் இருந்து எல்லாம் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். பள்ளிக்கூடத்தில் லீவுகூடக் கேட்டுவிட்டேன்.

"வேண்டாம்மா. நீ வந்தா எனக்கும் சேத்து ஒரு டைம்டேபிள் போட்ருவ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டு, "பொறவு ஒரு வாரம் வா. நான் சொல்லுதேன், அப்ப வா" என்றாள்.

ராஜபாளையம் புது பஸ் ஸ்டாண்டில் கோயம்புத்தூர் பஸ் நின்றது. பைகளை நான் ஏற்றி வைத்துவிட்டு இறங்கினேன். படி உயரம். அவள் கம்பை உள்ளே போட்டுவிட்டு இடது கையால் கம்பியைப் பிடித்தாள். என் கை தானாக அவள் முழங்கைக்குப் போனது. அவள் ஏறாமல் அப்படியே நின்றாள், திரும்பிப் பார்க்கவுமில்லை. நான் கையை எடுத்துவிட்டேன். மேலே நின்ற கண்டக்டர், "வாம்மா, மெதுவா" என்று கையை நீட்டினார். அவர் கையைப் பிடித்து ஏறிப் போனாள்.